ஆவணங்களை எண்ணும் இயந்திரமும் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரும்

மருதனார்மடம் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, காங்கேசன்துறை வீதியோரக் கடையொன்றின் மேல்மாடியில் எனக்கு ஒரு வாடகை அறை இருக்கிறது. கடந்த ஒக்டோபரில் ஒரு தாய் அங்கே வந்தார். வவுனியாவிலிருந்து பஸ் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வந்திருந்தார். கையில் துணிக்கடைப் பையொன்று. அதற்குள் ஏழு ஆவணங்கள்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்ததற்கான சான்று, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, பரணகம ஆணைக்குழுவுக்குப் போன கடிதம், காணாமல்போனோர் பற்றிய அலுவலகத்தின் படிவம், ஒரு சத்தியக்கடதாசி, ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம். ஏழும் ஒரே ஒரு மகனுக்காக எழுதப்பட்டவை.

நானும் இரண்டு நண்பர்களும் இப்படியான ஆவணங்களை ஸ்கான் செய்து ஒரு ஆவணத் தேடுபொறியில் சேர்த்து வருகிறோம். அவருடைய ஏழு தாள்களையும் ஏற்றி முடித்த பிறகு, மகன் காணாமல் ஆக்கப்பட்ட இடத்தின் பெயரைக் கொடுத்து, அந்த இடத்துக்கு எத்தனை என்று கணக்குக் கேட்டேன். முன்பு இருந்த எண்ணைவிட ஏழு கூடியிருந்தது.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா கேட்டார்: "பிள்ளை, இப்ப ஏழு பேர் கூடினவையோ? நான் குடுத்தது என்ர ஒரு பிள்ளையின்ர பேரைத்தானே?"

அவர் கேட்டது சரி. தேடுபொறியும் பொய் சொல்லவில்லை. அது ஆவணங்களை எண்ணியது. ஆட்களை எண்ணும்படி நான் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்ட கேள்வியில்தான் பிழை. போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் எங்களைச் சுற்றி நடக்கும் எண்ணிக்கைச் சண்டைகளில் பாதி இந்தப் பிழையிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் ஒரு கணினித் தொழில்நுட்பத்தைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன்.

இப்போது ஏன் இந்தக் கதை

2025 பெப்ரவரியில் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் தகன மேடை வேலைக்காகக் கிண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதம் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பரில் இரண்டாம் கட்ட அகழ்வு முடிந்தபோது 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. இடையில் ஓகஸ்ட் 5 ஆம் திகதி, மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு குழந்தையின் பொம்மையையும் நீலநிறப் பையையும் பார்த்தவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள்.

240 எலும்புக்கூடுகள் ஒரு பக்கம். மறுபக்கம், முப்பது ஆண்டுகளாகப் பல அலுவலகங்களில் குவிந்துகிடக்கும் பெயர்கள். இரண்டையும் இணைக்க மரபணுப் பரிசோதனை வேண்டும். அதற்கு முன்பு, எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் யார் யார் காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்ற ஒழுங்கான பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

ஜெனீவாவிலும் விடயம் ஆவணங்களாகத்தான் மாறியிருக்கிறது. 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம், தகவல்களையும் ஆதாரங்களையும் சேகரித்து, ஒன்றுதிரட்டி, ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் கொடுத்தது. ஐ.நா.விடம் ஏற்கெனவே இருந்த ஏறத்தாழ 120,000 ஆவணங்களைக் கொண்டு ஒரு களஞ்சியம் அமைக்கப்பட்டதாக அடுத்த ஆண்டு அறிக்கை சொன்னது. 2025 ஒக்டோபரில் அந்தப் பணிக்கான ஆணை மீண்டும் நீடிக்கப்பட்டது. இனி எங்கள் கதைகளை முதலில் படிக்கப்போவது ஒரு தேடுபொறி. அதனிடம் யார் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

சந்தையும் கூடையும்

தேடுபொறி என்றால் எங்கள் பலருக்கும் கூகுள்தான். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் பக்கங்களைக் காட்டும். ஆனால் எலாஸ்டிக்சேர்ச் போன்ற ஆவணத் தேடுபொறிகள் இன்னொரு வேலையும் செய்யும். ஆவணங்களை ஒவ்வொன்றாகக் காட்டாமல், அவற்றைப் பிரித்து, கூட்டி, கணக்காகத் தரும். இதை அக்ரிகேஷன் என்பார்கள். நான் தொகுப்புக் கேள்வி என்று சொல்லப்போகிறேன்.

மருதனார்மடம் சந்தையில் விடியப்புறம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லொறியில் வந்து இறங்கும் மரக்கறியை முதலில் வகை பிரித்துக் கூடைகளில் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கூடையும் எத்தனை கிலோ என்று நிறுப்பார்கள். தொகுப்புக் கேள்வியும் இந்த இரண்டு வேலைகள்தான். மாவட்ட வாரியாகப் பிரி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எண்ணு. மாதவாரியாகப் பிரி, ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் ஆண் பெண் என்று திரும்பவும் பிரி. கூடைக்குள் கூடை வைக்கலாம்.

2020 டிசெம்பரில் கொரோனா இந்தச் சந்தை வியாபாரிகளிடையே பரவியபோது, "மருதனார்மடம் கொத்தணி" என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அதுவும் ஒரு கூடைதான். சந்தையோடு தொடர்புபட்டவர்களும் அவர்களுடைய வீட்டாரும், அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், மருதனார்மடத்தின் கணக்கில் விழுந்தார்கள். கொத்தணியின் எண் கூடக்கூட ஊரின் பெயர் கெட்டது. அந்தக் கூடையில் யாரைச் சேர்ப்பது என்று ஒருவர் தீர்மானித்த பிறகுதான் எண் வந்தது என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த மென்பொருட்கள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானவை அல்ல. மனித உரிமை அமைப்புகள் ஆவணத் தொகுப்புகளுக்குப் பாவிக்கும் உவாசி, பனாமா ஆவணங்களை வெளியிட்ட புலனாய்வு ஊடகவியலாளர் கூட்டமைப்பின் டேட்டாஷெயர் ஆகிய இரண்டுக்கும் அடியில் எலாஸ்டிக்சேர்ச்தான் ஓடுகிறது. இரண்டும் இலவசம். எங்களுடையது ஒரு பழைய மடிக்கணினியில் ஓடுகிறது. ஊடகக் கற்கை படித்த எனக்குப் பல்கலைக்கழகத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் பழகினேன். அந்தப் பிழைகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஏழு தாள், ஒரு மகன்

முதல் பிழையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கூடைக்கும் பக்கத்தில் தேடுபொறி காட்டும் எண், அதற்குள் விழுந்த ஆவணங்களின் எண்ணிக்கை. எங்கள் குடும்பங்கள் ஒரே இடத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் அல்ல. எந்தப் புது ஆணைக்குழு வந்தாலும் வரிசையில் நின்றார்கள். ஆகவே விடாமல் அலைந்த தாயின் பிள்ளை ஏழு தடவை எண்ணப்படும். அலைய முடியாமல் போனவரின் பிள்ளை ஒரு தடவை. முழுக் குடும்பமும் அழிந்துபோனால், முறைப்பாடு கொடுக்க ஆளில்லாததால், ஒரு தடவைகூட இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கணவன், மனைவி, பிள்ளை என்று மூவர் ஒரே கடிதத்தில் இருப்பார்கள். ஆவணம் ஒன்று, ஆட்கள் மூன்று. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். மூவரின் பெயர், பால், வயது எல்லாவற்றையும் ஒரே ஆவணத்துக்குள் சாதாரணமாக எழுதினால், தேடுபொறி பெயர்களை ஒரு பக்கமும், பால்களை ஒரு பக்கமும், வயதுகளை ஒரு பக்கமும் கொட்டிவிடும். எந்த வயது யாருக்குரியது என்ற தொடர்பு அறுந்துபோகும். தந்தைக்கு 34 வயது, மகளுக்கு 6 வயது என்று வைத்துக்கொள்வோம். "6 வயது ஆண்பிள்ளைகள்" என்று கேட்டால் அந்த ஆவணமும் வந்து நிற்கும். 6 என்ற எண்ணும் அதில் இருக்கிறது, ஆண் என்ற சொல்லும் இருக்கிறது. இல்லாத ஒரு ஆண்பிள்ளை கணக்கில் ஏறிவிடும். சரணடைந்தவர்களோடு போன சிறுவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு சமூகத்துக்கு இது சின்னப் பிழை அல்ல. இதற்கு நெஸ்ரட் என்றொரு அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஆளையும் தனி உறையில் போட்டு ஆவணத்துக்குள் வைப்பது போன்றது அது. ஆனால் ஆவணங்களை ஏற்றுவதற்கு முன்பே அப்படி அமைத்திருக்க வேண்டும். பிறகு நினைத்தால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும்.

"வித்தியாசமான பெயர்கள் எத்தனை?" என்று கேட்டால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கார்டினாலிட்டி என்பார்கள். ஆனால் அது தருவது மதிப்பீடு. சாதாரண அமைப்பில் 3,000 வரையான எண்களுக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் சிறிது கூடலாம், குறையலாம். கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு அது போதும். பெயர் சொல்லித் தேடும் தாய்க்குப் போதாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, பெயரே ஒரு நிலையில் நிற்பதில்லை. சிவகுமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் எஸ் எச் போட்டுத் தொடங்குவார். சிங்களத்தில் எழுதப்பட்ட பொலிஸ் பதிவிலிருந்து திரும்பத் தமிழுக்கு வரும்போது வேறொரு பெயராகவே வரும். தகப்பன் பெயர் ஒரு படிவத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் முதலெழுத்து மட்டும். இயந்திரத்துக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஆட்கள்.

மருதனார்மடமும் மருதனாமடமும்

ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். எங்கள் ஊரையே எடுங்கள். மருதனார்மடம், மருதனாமடம், மருதனார் மடம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். இடத்தின்படி பிரிக்கச் சொன்னால் மூன்று கூடைகள் வரும். அந்தப் புலத்தை ஒரு முழுப் பெயராக அல்லாமல் வாசிக்கும் உரையாகத் தேடுபொறிக்குக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது இடைவெளியில் வெட்டும். "மருதனார்" ஒரு கூடை, "மடம்" இன்னொரு கூடை. யாரோ "ஓட்டு மடம்" என்று பிரித்து எழுதியிருந்தால், யாழ்ப்பாண நகரத்து ஓட்டுமடமும் எங்கள் மடத்தோடு ஒரே கூடையில் விழும். முல்லைத்தீவில், முல்லைத்தீவின், முல்லைத்தீவுக்கு என்று வேற்றுமை உருபு ஒட்டும் எங்கள் மொழியில் ஒவ்வொன்றும் தனிக் கூடையாகும்.

இதற்குக் குறுக்குவழி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவையாளர் பிரிவு என்று ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு பட்டியல் செய்து, ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரு ஆள் வாசித்து, அதற்குரிய இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தத் தாய் எழுதியபடியே இருக்கும் சொல்லையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். திருத்தியதை மட்டும் வைத்து மூலத்தை அழித்துவிடக்கூடாது.

கேட்காவிட்டால் தெரியாத வெற்றிடம்

என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ஒரு ஆவணத்தில் மாவட்டம் என்ற புலம் வெறுமையாக இருந்தால், மாவட்டவாரியாகப் பிரிக்கும்போது அந்த ஆவணம் எந்தக் கூடையிலும் விழாது. எச்சரிக்கை வராது. சத்தமில்லாமல் வெளியே நின்றுவிடும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு எல்லாம் நிறைவாகத் தெரியும்.

இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ஒரு குடும்பத்துக்கு, பிள்ளை கடைசியாகத் தொலைந்த இடம் எந்த மாவட்ட எல்லைக்குள் வருகிறது என்று தெரியாமல் இருப்பது வழமை. விபரம் குறைந்த இந்த ஆவணங்கள் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருந்தவர்களுடையவை. அவர்கள்தான் முதலில் கணக்கிலிருந்து விழுகிறார்கள்.

இவற்றை எடுக்கத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. வெறுமையாக உள்ளவற்றை எல்லாம் ஒரு கூடையில் போடு என்று சொல்லலாம். அதற்கு மென்பொருளில் இருக்கும் பெயர் "மிஸ்ஸிங்". ஆங்கிலப் படிவங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கும் அதே சொல். கேட்டால் வரும். கேட்காவிட்டால் அப்படி ஒரு கூடை இருப்பதே தெரியாது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. கூடைகள் எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் தேடுபொறி பெரிய பத்துக் கூடைகளை மட்டும் காட்டும். இலங்கையில் மாவட்டங்கள் 25. மிச்சம் 15 மாவட்டங்களும் "ஏனையவை" என்று ஒரே எண்ணாக, பதிலின் மூலையில் கிடக்கும். அதை வாசிக்காமல் பத்து வரிகளை வெட்டிக் கட்டுரையில் ஒட்டினால், தெற்கில் 1989 காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் மாவட்டங்கள் பல காணாமல் போய்விடும். நாங்கள் அப்படிச் செய்தால், எங்களுக்குச் செய்யப்பட்டதையே நாங்களும் செய்தவர்களாவோம்.

ஜனவரி மாதத்து மலை

இனி என் சொந்தக் குற்றம். 2009 ஆம் ஆண்டுச் சம்பவங்களை மாதவாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டேன். மே மாதத்தில் ஒரு மலை எழுந்திருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஜனவரியிலும் ஒரு மலை. எனக்கு உடனே விளக்கம் கிடைத்துவிட்டது. ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் கிழக்கு நோக்கி ஓடிய காலம். அந்த நேரத்தில் பலர் காணாமல் போயிருக்க வேண்டும். இரண்டு பந்தி எழுதியும் முடித்துவிட்டேன்.

துணிக்கடைப் பையோடு வந்த அந்த அம்மாதான் பிழையைக் காட்டினார். அவருடைய தாள்களில் ஒன்று ஜனவரிக் கூடையில் கிடந்தது. "ஜனவரியில அவன் என்னோடதானே நிண்டவன். கடைசி நாள், வட்டுவாகலாலை வரேக்குள்ளதான் பிள்ளை கூட்டிக்கொண்டு போனவங்கள்" என்றார். தாளை எடுத்துப் பார்த்தோம். ஒரு அமைப்பின் படிவம் அது. திகதிக்குரிய இடத்தில் யாரோ "2009" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நாங்கள் அதை அப்படியே ஏற்றியிருந்தோம். ஆண்டு மட்டும் இருந்தால் தேடுபொறி அதை அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். ஜனவரியில் எழுந்த மலை, திகதி தெரியாத தாள்களின் குவியல். வரலாற்றில் அந்த மாதத்தில் ஒரு பெரிய சம்பவம் இருந்ததால் பொய் உண்மைபோலத் தெரிந்தது. அந்தப் பந்திகளை அழித்தேன். வெளிவந்திருந்தால், சரணடைந்தவர்கள் பற்றிய வழக்குகளில் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டுவதற்கு நானே ஒரு துரும்பைக் கொடுத்திருப்பேன்.

நேர வலயமும் இப்படித்தான். சொல்லாவிட்டால் தேடுபொறி உலகப் பொது நேரத்தில் நாளைப் பிரிக்கும். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நேரவலயத்தோடு ஏற்றப்பட்ட ஒரு சாட்சியத்தில் மே 18 அதிகாலை 3 மணி என்று இருந்தால், அது மே 17 இரவு ஒன்பதரை ஆகி, 17 ஆம் திகதிக் கூடையில் விழும். மே 17, 18, 19 என்ற மூன்று நாட்களில் எது எப்போது நடந்தது என்பதுதான் கேள்வியே என்றால், ஒரு நாள் பிசகுவது வழக்கையே பிசகச் செய்யும்.

போரின் பெரிய எண்களும் தொகுப்புகள்தான்

இந்த அனுபவத்துக்குப் பிறகு, மேடைகளில் எறியப்படும் எண்களை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். தொகுப்புக் கேள்விக்கு ஒரு அடிப்படை விதி உண்டு. முதலில் எந்த ஆவணங்களைத் தெரிவு செய்தாயோ, அவற்றுக்குள் மட்டும்தான் எண்ணும்.

இலங்கையிலிருந்த ஐ.நா. குழு 2008 ஓகஸ்டிலிருந்து 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் பதிவு செய்தது. அந்தக் கணக்கு 2009 மே 13 இல் நின்றுவிடுகிறது. கடைசி நாட்கள் அந்தக் கூடைக்குள் இல்லை. உறுதிப்படுத்த முடிந்தவை மட்டுமே அதில் சேர்ந்தன. 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. அது எண்ணியெடுத்த தொகை அல்ல, மதிப்பீட்டின் மேல்வரம்பு. 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000 இற்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. அது மரணக் கணக்கு அல்ல. மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த 146,679 என்பது ஒரு கழித்தல். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலையில் வெளியே வந்தோராக ஐ.நா. சொன்னது 282,380. மிச்சம் எங்கே என்று அவர் கேட்டார். அது ஒரு கேள்வி. அரசு அதற்கு விடை சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் பல இடங்களில் அதை விடையாகவே எழுதிவிட்டோம்.

நான்கு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த நான்கு பதில்கள் அவை. எங்களை மறுப்பவர்கள் இவற்றை ஒரே தராசில் வைத்து "பாருங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்" என்று சிரிக்கிறார்கள். கேள்வியைச் சேர்த்துச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும்போது அந்தச் சிரிப்புக்கு நாங்களும் இடம்கொடுக்கிறோம்.

எங்கள் குடாநாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 1996 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த காணாமல் ஆக்குதல்களை விசாரிக்கப் பாதுகாப்பு அமைச்சு ஒரு சபையை அமைத்தது. அதற்குப் போன முறைப்பாடுகள் 2,621. உறுதிப்படுத்தக்கூடியவை என்று அது எடுத்துக்கொண்டவை 765. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் செய்தி. ஒரே ஆளுக்குப் பல தாள்கள் என்பதால் குறைந்தது எத்தனை? விபரம் போதாது என்று ஒதுக்கியது எத்தனை? முதலாவது நேர்மையான வேலை. இரண்டாவது அநீதியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கழித்தலுக்குள் மறைத்தால் எது எதுவென்று ஒரு குடும்பத்தால் கேட்கவே முடியாது. செம்மணி வழக்கு இன்று அந்தக் காலத்துக்கே திரும்பியிருப்பதால், அந்த 2,621 தாள்களும் இப்போது எங்கே என்று கேட்க இதுதான் நேரம்.

மீள்பதிவுகளின் பயன்

அந்த ஏழு தாள்களில் ஆறை எறிந்துவிடலாமா என்றால், கூடாது. ஒரே ஆள் பல பட்டியல்களில் வருவது தொல்லை மட்டுமல்ல, சாட்சியும்கூட. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்டியல்களில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், வெளியே விடுபட்டவர்கள் குறைவு என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு பட்டியலிலும் வேறு வேறு பெயர்களே வந்தால், எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று பொருள்.

பெரு நாட்டின் உண்மை ஆணைக்குழு இந்த முறையில்தான் 2003 இல் தன் முடிவைச் சொன்னது. பெயரோடு அடையாளம் காணப்பட்டவர்கள் 23,969 பேர். பட்டியல்களின் ஒற்றுமையை வைத்து மதிப்பிட்ட மொத்தம் 69,280. எங்கள் விடயத்திலும் இது ஒரு தடவை செய்யப்பட்டிருக்கிறது. 2018 டிசெம்பரில் புள்ளியியலாளர் பட்ரிக் போலும் பிரான்சிஸ் ஹரிசனும் பல பட்டியல்களை ஒப்பிட்டு, 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்தின் கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என்று மதிப்பிட்டார்கள். மூன்று நாட்கள், ஒரு குறிப்பிட்ட வகைச் சம்பவம். கேள்வி சிறியது என்பதால் பதில் உறுதியாக நிற்கிறது.

என்ன செய்யலாம்

2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல்போனோர் பற்றிய அலுவலகத்தை எங்கள் தாய்மாரில் பலர் நம்பவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் அதற்குச் சாட்சி. நம்பாவிட்டாலும் கேட்கலாம். எந்த நிறுவனம் எந்த எண்ணை வெளியிட்டாலும் ஐந்து விடயங்களைக் கேட்போம். எண்ணியது ஆவணங்களையா, ஆட்களையா? எந்தக் காலம், எந்த இடம்? ஒரே ஆள் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? விபரம் வெறுமையாக இருந்தவை எத்தனை, அவற்றை என்ன செய்தீர்கள்? விலக்கியவற்றுக்குக் காரணம் என்ன, குடும்பத்துக்கு அறிவித்தீர்களா?

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஊர்களில் சங்கங்களாகவும் தனியாட்களாகவும் பலர் ஆவணம் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள், எத்தனை தாள் வந்தாலும் அந்த இலக்கத்தின் கீழ் வையுங்கள். திகதிக்குப் பக்கத்தில் அது நாள் வரை தெரியுமா, மாதம் வரையா, ஆண்டு மட்டுமா என்று எழுதுங்கள். "தெரியாது" என்பதை வெறுமையாக விடாமல் "தெரியாது" என்றே எழுதுங்கள். மூலப் பிரதியைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று மிக முக்கியம். எலாஸ்டிக்சேர்ச்சின் பழைய பதிப்புகள் கடவுச்சொல் இல்லாமலே ஓடும். அப்படி இணையத்தில் திறந்து விடப்பட்ட தொகுப்புகளிலிருந்து உலகம் முழுவதும் தனிப்பட்ட விபரங்கள் கசிந்திருக்கின்றன. வீட்டுக்குப் புலனாய்வாளர் வந்து போகும் ஒரு தாயின் முகவரி அப்படி வெளியே போகக்கூடாது. எங்கள் கணினி இணையத்தோடு இணைக்கப்படவில்லை.

அன்று பின்னேரம் வரை அந்த அம்மா இருந்தார். ஏழு தாள்களையும் ஒரே இலக்கத்தின் கீழ் கொண்டுவந்தோம். பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது, ஐந்தையும் வைத்தோம். திகதியை 2009 மே 18 என்று திருத்தி, தாயின் கூற்றுப்படி என்று பக்கத்தில் எழுதினோம். பிறகு திரும்பக் கேள்வியைப் போட்டேன். இந்தத் தடவை ஆட்களை எண்ணச் சொன்னேன். ஒன்று மட்டும் கூடியிருந்தது.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "இதை ஒருக்கா அடிச்சுத் தருவீங்களோ பிள்ளை" என்று கேட்டார். அடித்துக் கொடுத்தேன். மடித்துத் துணிக்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். அந்தப் பையில் இப்போது எட்டுத் தாள்கள். அடுத்த முறை யாராவது அவற்றை வாங்கி எண்ணினால், எட்டும் ஒருவனுக்காகத்தான் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.